சொசைட்டி யார் ஊட்டுச் சொத்துங்க? ராமலிங்கம் செட்டியார் போட்ட பாதையும் நாம் கேட்க வேண்டிய கணக்கும்

   

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நம்ம ஊர் கூட்டுறவு சொசைட்டி யாருடையது?

"கவர்மெண்டுதுங்க" என்று பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வீர்கள். அங்கே கடன் கேட்டு நிற்கும்போது தாலுகா ஆபீசில் நிற்பது போலத்தான் நிற்கிறோம். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், நம்ம பேப்பர் என்னாச்சுங்க?" என்கிறோம். கடன் கொடுத்தால் தர்மம் கொடுத்த மாதிரி கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

ஆனால் கடன் வாங்கின அன்றைக்கே உங்கள் கணக்கில் பங்குத் தொகை என்று ஒரு பணம் பிடித்திருப்பார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பணம் என்ன? சொசைட்டியில் உங்களுக்கு உள்ள பாத்தியம்! நீங்கள் அங்கே மனு கொடுக்க வந்த ஆள் இல்லை, பங்காளி. சொந்தக்காரன் வாசலில் நிற்கிறான், சம்பளத்துக்கு வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து சட்டம் பேசுகிறார்கள். இந்தத் தலைகீழ் நிலை எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால், சொசைட்டி எப்படி வந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

கடனில் முழுகிய காடு

கொங்கு நாடு ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பின சீமை இல்லை. பவானி, நொய்யல், அமராவதி ஓரம் போக மற்றதெல்லாம் வானம் பார்த்த காடும், கிணறு வெட்டிக் கவலை இறைத்த தோட்டமும்தான். கிணறு வெட்டக் கடன். எருது வாங்கக் கடன். விதைக்குக் கடன். மழை பொய்த்தால் வயிற்றுக்கே கடன். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் நம்ம ஜில்லா பட்ட பாட்டைப் பாட்டன் பூட்டன் வாய்வழியாகக் கேட்ட குடும்பங்கள் இன்றும் உண்டு. பஞ்சம் போனது, கடன் போகவில்லை. பத்திரம் எழுதினவன் ஒரு கை, காட்டை இழந்தவன் ஒரு கை என்று ஆனது.

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், பிரெடரிக் நிக்கல்சன். 1887இல் கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றிப் பெரிய கையேடு தொகுத்தவர். விவசாயிகளின் கடன் தொல்லைக்கு வழி தேடி ஆராயச் சொல்லி சென்னை அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது. 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்ற ஒருவர், ஊருக்கு ஊர் ஏழைக் குடியானவர்களைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கங்களை உண்டாக்கி இருந்தார். அந்த வழிதான் இங்கேயும் வேண்டும், அந்த மாதிரி ஆட்களைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான் நிக்கல்சன் அறிக்கையின் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் நம்ம மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவானது.

சட்டம் வந்துவிட்டது. ஆள் வேண்டுமே?

வழக்கு நடத்தும் வக்கீல், வழக்கை ஒழிக்கும் வேலைக்கு வந்தார்

அப்படி நம்ம சீமையில் வந்த ஆட்களில் முதன்மையானவர் தி.அ. ராமலிங்கம் செட்டியார். 1881இல் பிறந்தவர். தொழிலில் வக்கீல். கடனுக்கும் பத்திரத்துக்கும் வழக்கு நடந்தால் வக்கீலுக்கு வருமானம். குடியானவன் கடனில் இருக்கிற வரைக்கும் கோர்ட்டுக்குக் கூட்டம் குறையாது. அப்படிப்பட்ட தொழிலில் இருந்த ஒருவர், குடியானவன் கடன்காரனிடம் போகாமல் இருக்க வழி கட்டினார் என்றால், அதை என்னவென்று சொல்வது? மேடை போட்டுப் பேசினால்தான் சீர்திருத்தமா? வட்டியில் சிக்கின மனிதனை நிமிர்ந்து நிற்க வைப்பது சீர்திருத்தம் இல்லையா?

1910இல் கோயமுத்தூர் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி வந்தது. ஊருக்கு ஒரு சொசைட்டி. ஜில்லாவுக்கு ஒரு மத்திய வங்கி. மாகாணத்துக்கு ஒரு தலைமை வங்கி. மூன்று படி. டவுனில் சும்மா கிடக்கும் பணம் மேலிருந்து இறங்கிக் காட்டுக்கு வரும். வெள்ளாமை எடுத்ததும் திரும்பி ஏறும். இன்றைக்கும் இந்த மூன்று படியில்தான் உங்கள் பயிர்க்கடன் வருகிறது. இந்த ஏற்பாடு கோவையில் வேர்பிடிக்க உழைத்தவர்களில் முன்னால் நின்றவர் ராமலிங்கம் செட்டியார்.

அவர் அரசியலிலும் இருந்தார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். 1948 நவம்பரில், தொழிலாளர் வாழ்வு பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கிராமங்களில் குடிசைத் தொழிலைக் கூட்டுறவு முறையில் வளர்க்க அரசு முயல வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தவர் இவர். அதைச் சற்று விரித்து ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவில் கூட்டுறவு என்ற வார்த்தை இருக்கிறது. டில்லியில் எழுதின அந்தச் சட்டத்தில் நம்ம கோயமுத்தூர்க்காரர் ஒருவர் போட்ட விதை அது! முதல் நாடாளுமன்றத் தேர்தலில் கோயமுத்தூரில் போட்டியே இல்லாமல் தேர்வானார். 1952இலேயே காலமானார். கோவையில் பள்ளிக்கூடமும் கூட்டுறவுப் பயிற்சி நிலையமும் அவர் பேரில் இருக்கின்றன.

பேர் இருக்கிறது. கொள்கை இருக்கிறதா? அதுதான் இந்தத் துண்டறிக்கையின் கேள்வி.

மூன்று தூண்

கூட்டுறவுக்கு மூன்று தூண் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: ஆளுக்கு ஒரு ஓட்டு. கம்பெனியில் ஆயிரம் பங்கு வைத்திருப்பவனுக்கு ஆயிரம் ஓட்டு. சொசைட்டியில் நூறு ஏக்கர் தென்னந்தோப்புக்காரருக்கும் ஒரு ஓட்டு, அரை ஏக்கர் சோளக்காட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டு. பண்ணையக்காரரும் சிறு விவசாயியும் ஒரே பாயில் உட்காரும் இடம் இதுதான்.

இரண்டு: ஊர் அறிந்த நாணயமே ஜாமீன். இன்னார் மகன், பாடுபடுகிறவன், சொன்ன சொல் தப்பாதவன் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குத் தெரியும். அந்த அறிவை வைத்துத்தான் கடன். சொத்து இல்லாதவனுக்கும் கடன் கிடைக்க வழி செய்த தத்துவம் இது.

மூன்று: மிச்சம் உறுப்பினருக்கே. கொள்ளை லாபம் அடிக்க வெளியில் முதலாளி கிடையாது. வந்ததில் சேமநிதி போகப் பங்குக்காரர்களுக்கும் ஊருக்கும் திரும்பும்.

இந்த மூன்று தூணும் நின்ற இடங்களில் என்ன நடந்தது? சென்னிமலையில் நெசவாளர்களைச் சேர்த்து எம்.பி. நாச்சிமுத்து வளர்த்த சென்டெக்ஸ் போர்வை பேர் பெற்றது. துடியலூர் டியூகாஸ் உரமும் விவசாயச் சாமானும் விற்று வளர்ந்தது. திருச்செங்கோட்டில் பருத்தி மூட்டையும், ஈரோட்டிலும் கோபியிலும் மஞ்சளும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்து ஏலத்துக்குப் போகிறது. பல வியாபாரி ஒரே இடத்தில் நின்று விலை எழுதும்போது, தோட்டத்து வாசலில் ஒரே வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. குஜராத்தில் 1946இல் கேடா ஜில்லா பால்காரர்கள் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சேர்ந்ததுதான் அமுல் ஆனது. மராட்டியத்தில் விட்டல்ராவ் விகே பாட்டீல் என்ற குடியானவர், சிறு கரும்பு விவசாயிகளிடம் ஊர் ஊராகப் பங்குப் பணம் திரட்டி, 1950இல் பிரவராவில் கூட்டுறவு சர்க்கரை ஆலையை ஓட வைத்தார். அவரும் நம்மை மாதிரி காட்டுக்காரர்தானுங்க!

தூணை அறுத்தது யார்?

1954இல் வெளிவந்த கிராமக் கடன் ஆய்வறிக்கை ஓர் உண்மையை உடைத்துச் சொன்னது. அந்த ஆய்வு நடந்த 1951-52 கணக்குப்படி, இந்தியா முழுவதும் விவசாயி வாங்கின கடனில் கூட்டுறவு கொடுத்தது சுமார் 3 சதவீதம். வட்டிக்காரர்கள் கொடுத்தது 70 சதவீதத்துக்குப் பக்கம். ஐம்பது வருஷம் ஆகியும் சொசைட்டி நோஞ்சானாகவே இருக்கிறது, அரசாங்கம் பங்கு போட்டுத் தூக்கிவிட வேண்டும் என்று முடிவானது. பணம் வந்தது. தப்பில்லை. ஆனால் பணத்தின் பின்னாலேயே அதிகாரியும் வந்தார். அதிகாரி பின்னாலேயே கட்சியும் வந்தது.

தமிழ்நாட்டில் இரண்டு கழகமும் மாறி மாறி ஆண்டன. சொசைட்டி விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே ஏர், ஒரே சால்! நமக்குப் பிடித்த ஆள் வரமாட்டான் என்றால் தேர்தலைத் தள்ளு, தனி அலுவலரைப் போடு. வருவான் என்றால் தேர்தல் வை. பல ஆண்டுகள் தனி அலுவலர் கையில் கிடந்த சொசைட்டிகளுக்கு 2013இல் தேர்தல் வந்தது. அடுத்து 2018இல் வந்தது. மனு வாங்கவில்லை, பட்டியல் ஒட்டவில்லை, போட்டியில்லாமல் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்கள் என்று புகார் எழுந்து கோர்ட்டு வரைக்கும் போனது. அந்தக் குழுக்களின் ஐந்து வருஷம் 2023இல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர் ஆட்சி!

டில்லி மட்டும் யோக்கியமா? 2011இல் 97ஆவது திருத்தம் என்று அரசியல் சட்டத்திலேயே கூட்டுறவுக்குப் புதுப் பகுதி சேர்த்தார்கள். கூட்டுறவுச் சங்கம் மாநிலப் பட்டியல், மாநிலங்களின் ஒப்புதல் இல்லாமல் இப்படிச் செய்தது செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே 2021 ஜூலையில் டில்லியில் கூட்டுறவுக்கென்று தனி அமைச்சகமும் வந்தது. சென்னை ஒரு பக்கம் கயிறு இழுக்கிறது, டில்லி ஒரு பக்கம் இழுக்கிறது. நடுவில் கழுத்து யாருடையது? நம்முடையது!

சிபில் என்ற புது மணியகாரன்

2025இல் இன்னொரு கூத்து. கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் கொதித்தார்கள். வேறு வங்கியில் கடன் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள்.

சிபில் என்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் வருஷம் மும்பையில் தொடங்கி, இன்றைக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கையில் இருக்கும் நிறுவனம். யார் எந்த வங்கியில் கடன் வாங்கினார், தவணை தவறினாரா என்று மார்க் போடும். மகள் படிப்புக்கு வாங்கின கடன் ஒரு தவணை தள்ளிப் போயிருக்கும். டிராக்டர் கடனில் பாக்கி நின்றிருக்கும். மழையில்லாத வருஷத்துக்கும் சூதாடின வருஷத்துக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியுமா? போர்வெல் ஆயிரம் அடி போயும் புகைதான் வந்தது என்று அதற்குச் சொல்வது யார்? ஊரறிந்த நாணயத்தை வைத்துக் கடன் கொடு என்று சொல்லிப் பிறந்த சொசைட்டிக்கு, ஊரையே பார்க்காத கம்பெனி மார்க் போடுவதா? கூட்டுறவின் உயிர்நாடியையே அறுக்கும் வேலை இது. இன்றைக்கு "சும்மா பார்க்கிறோம்" என்பார்கள், நாளைக்கு "இல்லை" என்பார்கள். முளையிலேயே கிள்ள வேண்டும்.

வாசலிலேயே வட்டிக்காரர்

2009-10 முதல் தவணை தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை என்ற சலுகை தமிழ்நாட்டில் உண்டு. நல்ல திட்டம். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நடைமுறை என்ன? கெடு நாள் வரும்போது மஞ்சள் இன்னும் வேகவைக்கவே இல்லை. தேங்காய்க்கு விலை இல்லை. கட்டத் தவறினால் சலுகை போச்சு. அடுத்த கடனும் நின்று போச்சு. அப்போது சொசைட்டி வாசலுக்குப் பக்கத்திலேயே ஒருவர் பையோடு நிற்கிறார். காலையில் அவரிடம் வாங்கிக் கட்டி, புதுக் கடன் கணக்கில் ஏறினதும் அவருக்குத் திருப்ப வேண்டும். ஏற நாலு நாளோ ஒரு வாரமோ ஆகும். அந்த ஒரு வாரத்துக்கு அவர் பிடிப்பது, சொசைட்டி வருஷம் முழுக்கக் கேட்கும் வட்டியையே தின்றுவிடுகிறது!

யாரை விரட்டுவதற்காகச் சொசைட்டி வந்ததோ, அவர் சொசைட்டித் திண்ணையிலேயே கடை விரித்திருக்கிறார். கடன் புதுப்பிக்கும் நாளிலேயே கணக்கை நேர்செய்துகொள்ள வழி செய்தால் இந்த வட்டிக் கொள்ளை ஒரே நாளில் ஒழியும். நிர்வாகக் குழுவில் கடன் வாங்கின விவசாயி ஒருவர் உண்மையாக உட்கார்ந்திருந்தால், இந்தப் பேச்சு முதல் கூட்டத்திலேயே வந்திருக்காதா?

தள்ளுபடி கிடைத்தால் போதுமா?

2006இல் தள்ளுபடி. 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி. வறட்சியிலும் நோட்டுத் தடையிலும் கொரோனாவிலும் நொடிந்து போன குடும்பங்களுக்கு அது உயிர்த்தண்ணி. அதைக் குறை சொல்லும் டவுன் கனவான்கள், பெரிய கம்பெனிகளின் வாராக்கடனைப் பேங்குகள் கணக்கிலிருந்து எடுக்கும்போது வாய் திறப்பதில்லை. அதைத் தனியாகக் கேட்போம்.

ஆனால் தள்ளுபடி எந்த வருஷத்தில் வருகிறது என்று பாருங்கள். மூன்றும் சட்டமன்றத் தேர்தல் வருஷம்! மழை தவறின வருஷத்தைப் பார்த்து வருவதில்லை. அறிவிப்பது அரசாங்கம், அந்தப் பணம் சொசைட்டிக்குத் தவணை தவணையாகத்தான் திரும்புகிறது. அதுவரைக்கும் சொசைட்டிப் பெட்டி காலி. புதுக் கடன் கேட்டால் "பண்டு வரலைங்க". 2021இல் நகைக்கடன் தள்ளுபடிக்காகக் கணக்கைத் தோண்டினபோது பல சங்கங்களில் முறைகேடு வெளியில் வந்தது. 81 விசாரணை போட்டாச்சு, 87 நடவடிக்கை எடுத்தாச்சு என்கிறார்கள். ஊர்க்காரன் கண் முன்னால் கணக்கு இருந்திருந்தால் இந்த எண்ணெல்லாம் எதற்கு?

அமராவதியைப் பாருங்கள். உடுமலைப்பேட்டை கிருஷ்ணாபுரத்தில் தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவு சர்க்கரை ஆலை. நம்ம பெரியவர்கள் பங்கு போட்டு எழுப்பினது. இயந்திரம் பழசாகி, புதுப்பிக்கச் சொல்லிச் சொல்லிக் கரும்பு விவசாயிகள் தொண்டை வறண்டு, கடைசியில் அரவை நின்று, வெட்டின கரும்பை வேறு ஆலைக்கு ஏற்ற வேண்டிய கெதி வந்தது.

எதிர்க்கேள்வி கேட்பவர்களுக்கு

"தேர்தல் வைத்தால் கட்சிக்காரன்தானே வருவான்? அதிகாரியே தேவலை" என்று சிலர் சொல்கிறார்கள். சரிங்க. கட்சிக்காரன் ஏன் வருகிறான்? நாம் போகாததால் வருகிறான்! பொதுப்பேரவைக் கூட்டம் என்றால் டீ, பிஸ்கட், நோட்டில் கையெழுத்து, அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது. வரவு செலவு வாசித்தார்களா என்று கேட்கிறவர் எத்தனை பேர்? கோயில் கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால் ஊரைக் கூட்டுகிறோம். கோடிக்கணக்கில் புரளும் சொசைட்டிக் கணக்கைக் கேட்க நமக்கு என்ன கூச்சம்? தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். அதிகாரியை மாற்றும் ஓட்டு உங்களிடம் இருக்கிறதா?

"அரசாங்கம் பணம் போடுகிறது, அதிகாரம் அதற்குத்தானே?" என்று இன்னும் சிலர். தணிக்கை செய்யட்டும். திருடினால் வழக்குப் போடட்டும். மாட்டுக்குத் தீவனம் வாங்கிக் கொடுத்தவன், மாட்டையே ஓட்டிக்கொண்டு போவதா?

கடைசியாக நமக்குள் ஒரு பேச்சு. கொஞ்சம் கசக்கும். ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற தத்துவத்தை நாம் ஒழுங்காக நடத்துகிறோமா? குத்தகைக்கு உழுகிறவர், ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் அருந்ததியர் குடும்பம், கணவன் இல்லாமல் தோட்டம் பார்க்கும் பெண்கள், இவர்கள் உறுப்பினராக வந்தால் முகம் சுளிக்கிறவர் நம்மிலேயே உண்டு. அப்படிக் கதவைச் சாத்தினால் சொசைட்டி பத்துக் குடும்பத்துச் சொத்தாகும். பத்துக் குடும்பத்தை மிரட்டுவது அரசாங்கத்துக்குச் சுலபம்; ஊரே சேர்ந்து நின்றால் கஷ்டம். 1970இல் பெருமாநல்லூரில் கரண்ட் கட்டண உயர்வை எதிர்த்துக் குண்டடி பட்டு உயிர் விட்டார்கள் நம்மவர்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கோவை வீதிகளில் நிறுத்தினபோது டவுனே அசையவில்லை. ஒருத்தர் வண்டியால் அது முடிந்திருக்குமா?

நமது கோரிக்கைகள்

1. உறுப்பினர் பட்டியலை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ரகசிய ஓட்டுமுறையில் எல்லா சொசைட்டிக்கும் காலம் தவறாமல் தேர்தல் வை! தனி அலுவலர் ஆட்சி எங்கேயும் வேண்டாம்!

2. பயிர்க்கடனுக்கு சிபில் என்ற பேச்சே கூடாது!

3. கடன் புதுப்பிக்கும் அன்றே கணக்கை நேர்செய்! வாசல் வட்டிக்கு முடிவு கட்டு!

4. நில உரிமையாளர் கையெழுத்துக்கு அலைய விடாமல், சாகுபடி செய்பவர் பேரில் அடங்கல் கொடு! குத்தகை விவசாயிக்கும் கடன் கொடு!

5. தள்ளுபடித் தொகையைச் சொசைட்டிக்கு உடனே முழுசாகக் கொடு!

6. வரவு செலவு, நகைக்கடன் இருப்பு, தணிக்கை அறிக்கை மூன்றையும் ஊரறியத் தமிழில் ஒட்டு!

7. மஞ்சள், பருத்தி, கொப்பரைக்குக் கிடங்கும் ஈட்டுக்கடனும் விரிவாக்கு! விலை இல்லாத மாதத்தில் விற்றே தீர வேண்டிய நிலையை மாற்று!

8. அமராவதி ஆலையைப் புதுப்பித்து ஓட்டு!

விவசாயிகளே! இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பங்குத் தொகை ரசீதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் சொசைட்டியில் கேட்டு வாங்குங்கள். உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பேர் சரியாக இருக்கிறதா, இறந்தவர் பேரில் யாராவது ஓட்டுப் போடக் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் குத்தகைக்காரரையும் ஊட்டுப் பெண்களையும் உறுப்பினராகச் சேருங்கள். அடுத்த பொதுப்பேரவைக்கு ஊரோடு போய் உட்காருங்கள். கணக்கு வாசித்து முடிக்கும் வரைக்கும் எழுந்திருக்காதீர்கள். நம்ம விவசாயிகள் சங்கம் சொசைட்டி வாசலில் ஆர்ப்பாட்டம் அறிவிக்கும் நாளில் பச்சைத் துண்டோடு குடும்பமாகத் திரண்டு வாரீர்!

பங்கு நம்முது! பணம் நம்முது! கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முது!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர், விவசாயிகள் சங்கம்